வேண்டாங்கடை அக்கா

கேட்ட சாமானை எடுத்துக் கொடுக்காத கடை மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மேம்பாலத்தின் நிழல் மத்தியானத்துக்கு மேல் வந்து விழுகிற வரிசையில், ஒரு செருப்புக் கடைக்கும் பேன்சி கடைக்கும் நடுவே, ரயில் பெட்டி போல நீளமாக உள்ளே போகும். மரம் அறுக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின் ஆகியவற்றுக்கு உதிரிச் சாமான்கள் விற்கும் கடை. பலகையில் எழுதியிருந்த பெயர் வேறு. அருமனை பக்கத்து மரவெட்டுக்காரர்கள் சொல்வது வேண்டாங்கடை என்று. அங்கே போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே ஒன்றை வாங்க முடிந்தது என்றால், அந்தச் சாமான் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது என்று பொருள்.

கல்லாவில் இருந்தது ஓர் அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சுடிதார், வெளிநாட்டிலிருக்கும் கணவருடைய பெரிய கைக்கடிகாரம், கிரீஸ் படாத சுத்தமான விரல்கள். ஒரு மெஷினின் கயிற்றையும் அவர் இழுத்து நான் பார்த்ததில்லை. ஸ்பானர் பிடித்தும் பார்த்ததில்லை. அவர் செய்தது ஒன்றுதான். கேள்வி கேட்பார்.

ஒருவர் வந்து கார்புரேட்டர் வேண்டும் என்பார். அக்கா அலமாரிப் பக்கம் திரும்பமாட்டார். கண்ணாடி மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, "எப்பம் நிக்குது?" என்பார். வந்தவர் விழிப்பார். ஓடிச் சூடான பிறகு நிற்கிறதா, அல்லது தணுத்துக் கிடந்து எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லையா என்று பிரித்துக் கேட்பார். தணுத்து என்றால் எங்கள் பக்கத்தில் குளிர்ந்து. அதற்குப் பதில் வந்ததும் அடுத்தது வரும்: "கடைசியா நல்லா ஓடினது என்னைக்கு? அதுக்குப் பெறகு மெஷின யாரு என்ன செஞ்சிய?"

இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஒன்றும் செய்யவில்லை. அக்கா மறுத்துப் பேசமாட்டார். வண்டி துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்து மேசைக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைப்பார். கொஞ்ச நேரம் போனதும் வந்தவர் தானாகவே, ஒரு நாள் மச்சினன் எடுத்துக்கொண்டு போனான் என்பார். போன வாரம் மழையில் வெளியே கிடந்தது என்பார். ஓடவில்லையே என்று பக்கவாட்டில் இருந்த ஸ்குரூவைக் கொஞ்சம் திருகிப் பார்த்தேன் என்பார். உண்மை வந்த பிறகு அக்கா திட்டமாட்டார், சிரிக்கவும் மாட்டார். "அப்பம் சரி" என்று துணியை மடித்து வைப்பார். பாதி ஆட்களுக்கு அதற்கு மேல் வாங்க ஒன்றும் இருக்காது.

கடியப்பட்டணத்திலிருந்து வந்த ஒருவர், கடற்கரையில் தென்னை முறிக்கிறவர், இந்த விசாரணை முடிந்து வெறுங்கையோடு இறங்கும்போது, சர்ச்சில் சாமியாரிடம்கூட நான் இத்தனை சொன்னதில்லை, பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூடு ஒன்றை இங்கே கட்டிப் போடுங்கள் என்றார். "எங்க சபையில அது கிடையாது அண்ணே. அதுனாலதான் கடை வச்சிருக்கேன்" என்றார் அக்கா.

கணவர் போனில் கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவார். அவர் பாலைவனத்தில் எங்கோ ஒரு கம்பெனியில் இருந்தார். கடைக்கு வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பத்தானா நான் இங்கே வெயிலில் கிடக்கிறேன் என்று ஒருநாள் அவர் குறைப்பட்டது, நின்றிருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "நீங்க ஏசியில இருக்கிய மாதிரியில்லா போட்டோ அனுப்பினிய. வெயிலு எப்பம் வந்து?" என்று அக்கா கேட்டார். அவரிடமும் பதில் வரும்வரை அக்கா காத்திருந்தார்.

அருமனையிலிருந்து வந்த ஒரு பெரிய உடம்புக்காரரின் கதையை இன்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அவருடைய மெஷின் கால் மணி நேரம் ஓடும், அணைந்துவிடும். ஆறப் போட்டால் மறுபடியும் கால் மணி நேரம். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில் போய்விட்டது என்று முடிவு செய்து வந்திருந்தார். அக்கா காயில் கொடுக்கவில்லை. அடுத்த தடவை அணைந்ததும் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து, சீ என்று காற்று இழுக்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். காயிலுக்காகப் பத்து கிலோமீட்டர் வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும். மறுநாள் தோட்டத்தில் நின்றபடியே போனில் கூப்பிட்டு, சத்தம் கேட்கிறது என்றார். "அப்பம் ஒங்க மெஷினுக்கு நோவு ஒண்ணும் இல்ல. மூச்சு முட்டுது. மூடியில ஒரு சின்ன தொளை உண்டு, அறுப்புப்பொடி அடைச்சிருக்கும், குத்தி விடுங்க" என்று அக்கா சொன்னார். அந்த வாரமே ஒரு சீப்பு மட்டிப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

இப்படி ஆனபின் மெஷின்காரர்கள் சத்தத்தை வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். சபையின் அசன விருந்தில் சாம்பார் வாளியோடு வரிசையில் நடந்துகொண்டிருந்த அக்கா, ஒரு கையால் போனைக் காதில் வைத்து யாரோ ஒருவருடைய மெஷின் இருமுவதைக் கேட்டுக்கொண்டே பரிமாறியதை நானே பார்த்திருக்கிறேன். இலையில் சாம்பார் வழிந்த ஆள், இங்கே ஒரு மனுஷன் கிடக்கிறான் என்று முணுமுணுத்தார். அக்கா போனைத் தாழ்த்தி, சோறு போதுமா என்று அவரையும் கேட்டார்.

எனக்கு அவரைப் பிடிக்காத நாட்களும் இருந்தன. கல்லூரிக்குப் போக மார்த்தாண்டத்தில் பஸ் மாற வேண்டும். அந்த இடைவெளியில் கடையில் ஏறி நிற்பேன். ஒருநாள் எதுவும் பேசாமல் நின்றவளை, காலேஜில் மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கூட்டுக்காரிகளோடு என்றேன். மஞ்சள் துணி வெளியே வந்தது. என் பஸ் வருவதற்கு நேரமிருந்தும், வந்துவிட்டது என்று சொல்லி இறங்கி ஓடினேன். என் டிபன் பாக்ஸில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் மட்டுமே இருந்த நாட்கள் அவை. நான் ஆய்வுக்கூட வராந்தாவில் தனியாகத்தான் சாப்பிட்டேன். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வரிசைக்கு எதிர்ப் பக்கமாக நடந்தேன்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியாது. மாமனார் நடத்திய கடையை அவர் எடுத்து நடத்தினார் என்பது மட்டும் தெரியும். இப்போது கணவரிடமே போய்விட்டார். கடையில் கொழுந்தன் இருக்கிறார். கேட்டதை உடனே எடுத்துக் கொடுக்கிறார். கூட்டம் அதிகம்.

எங்கள் மெஷினின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற கூடத்தில் வேலை செய்தவள். இருவருக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் பத்தாம் வகுப்பில் தேறியபோதே வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் நின்றுவிட்டது. கல்லூரியில் வேதியியல் சேர்ந்த பிறகு ரேஷன் கார்டிலிருந்து மாத்திரைச் சீட்டுவரை எல்லாம் என் கைக்கு வந்தன. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

முதல் வருஷம் முடிகிறதற்குள், ஐப்பசியில், மழையோடு ஒரு காற்று அடித்தது. அப்பா பதினெட்டு வருஷமாகப் பால் வெட்டிய தோட்டத்தில் பாதி மரங்கள் வேரோடு சரிந்தன. தோட்டத்துக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, கிறிஸ்மஸுக்குள் விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தித் தந்தால், மிச்சமுள்ள மரங்களையும் புதுக்கன்று வைக்கிற இடத்தையும் நீயே பார்த்துக்கொள் என்றார். முடியாவிட்டால் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வரும், தோட்டத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு வேறு தோட்டம் கிடையாது. காற்றடித்த பிறகு அந்த வட்டாரத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை.

அப்பா ஒரு மெஷின் வாள் வாங்கினார். பழையது. வெளிநாட்டுக்குப் புறப்பட்ட ஒருவர் விற்றது. ஆரஞ்சு நிறம் போய் உடம்பெல்லாம் சாம்பலாகியிருந்தது. மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஸ்டார்ட் ஆக முப்பது நாற்பது முறை கயிற்றை இழுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக உயிர் வந்தால், விசையிலிருந்து விரலை எடுத்ததும் அணைந்துவிடும். விரலை எடுத்தபின்னும் மெதுவாக முனகிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் ஐடில். அது நிற்கவில்லை. ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் மறுபடியும் நாற்பது இழுப்பு. காலையில் விழாமல் நின்ற மரங்களில் பால் வெட்டிவிட்டு, மத்தியானம் முதல் மரம் அறுக்கிற மனிதரால் எத்தனை முறை இழுக்க முடியும்.

எங்கள் ஜங்ஷனில் பைக் ரிப்பேர் பார்க்கிறவர் ஒரு ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மெஷின் அணையவில்லை. ஆனால் விரலை எடுத்தாலும் மரம் அறுக்கிற செயின் நிற்காமல் சுற்றியது. அப்பா சரிந்து கிடந்த மரங்களின் மேலே ஏறியும் இறங்கியும், செயின் சுற்றுகிற மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு சாயங்காலம் வந்தபோது அவருடைய கால்சட்டை முட்டிக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே தோலில் ஒரு சிவந்த கோடு. ரத்தம் வரவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் ஊசி நூலை எடுத்தாள்.

நான் அந்த மெஷினின் கையேட்டைப் போனில் இறக்கினேன். ஆங்கிலத்தில் அறுபது பக்கம். ஐடிலில் செயின் ஒருபோதும் அசையக்கூடாது என்று தடித்த கறுப்பு எழுத்தில் இருந்தது. கோளாறுகளின் பட்டியலைப் படித்து, கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு கெட்டிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். வேண்டாங்கடைக்கு நான் முதன்முதலாகப் போனது அப்போதுதான், தனியாகப் போனேன். அக்கா கேட்கத் தொடங்கினார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. சூடானாலும் குளிர்ந்தாலும் ஒரே மாதிரி. பிளக் பார்த்தாயிற்று. காற்று பில்டர் கழுவியாயிற்று. பெட்ரோலில் லிட்டருக்கு இருபது மில்லி எண்ணெய், நானே கலக்குகிறேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். துணியை எடுக்காமலே எழுந்துபோய் ரப்பர்த் தகடு கிட்டை எடுத்துக் கொடுத்தார். வேண்டாங்கடையில் ஐந்து நிமிஷத்தில் சாமான் வாங்கிவந்தேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா அதை டீக்கடையில் சொன்னார்.

அப்பா கிட்டை மாற்றினார், ஸ்குரூவைத் தளர்த்தினார். பத்து நாள் மெஷின் அழகாக ஓடியது. பதினோராம் நாள் பழையபடி நாற்பது இழுப்பு. அப்பா மறுபடியும் அந்த ஸ்குரூவை இறுக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். மார்கழி பிறக்கப்போகிறது. பாதி மரம் மிச்சம் கிடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கல்லூரிக்குப் போகவில்லை. மெஷினைச் சாக்கில் சுற்றி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினேன். இன்னொரு கிட் வேண்டும் என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார் அக்கா. பிறகு, "அன்னைக்கு நீ படபடன்னு சொன்னே, நானும் சும்மா தூக்கித் தந்துட்டேன். ஒரு கிட்டு பத்து நாள்ல போகாது பிள்ளே. எதுவோ அதத் திங்குது."

ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து, கடைப் படியிலேயே கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னார். அப்பா செய்தித்தாளை விரித்து அதன் மேல் பிரித்தார். ரப்பர்த் தகடு விறைத்து நெளிந்திருந்தது. அதற்கு அடியில் உலோகத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி. மூலையில் கடுகளவு ஒரு நீர்த்துளி உருண்டது.

"வெள்ளமில்லா கிடக்கு" என்றார் அப்பா. வெள்ளம் என்றால் எங்களுக்குத் தண்ணீர். பெட்ரோல் பங்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வந்தது. அதே பங்கில் பெட்ரோல் அடித்த மற்ற வண்டிகளெல்லாம் ஓடுகின்றனவே அண்ணே என்று அக்கா மெல்லச் சொன்னார். பிறகு, பெட்ரோலில் எண்ணெய் கலப்பது யார் என்று கேட்டார்.

"எனக்க மவதான். காலேஜ்ல கெமிஸ்ட்ரியாக்கும். ஒரு மில்லி அங்க இங்க போவாது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "எண்ணெய எதில அளக்கே?"

மில்லிக் கோடு போட்ட கிளாஸில் என்றேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவார்கள், நான் அப்படிச் செய்வதில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"கொள்ளாம், நல்லதுதான். அந்த கிளாசு வீட்டுல வேற எதுக்கு எடுப்பிய?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் பதில் என்ன என்று எனக்கே தெரிந்தது.

எங்கள் வீட்டில் மில்லிக் கோடு போட்டது ஒன்றே ஒன்றுதான். ரப்பர் பால் உறைவதற்கு டிஷ்ஷில் ஊற்றுகிற ஆசிட்டை அளக்கிற கிளாஸ். தினமும் காலையில் அப்பா அதில் ஆசிட் அளப்பார், தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, வீட்டை ஒட்டிய ஷீட் கூடத்துச் சுவரின் மேல் நிமிர்த்தி வைப்பார். சாயங்காலம் நான் அதை எடுத்து, அடியில் மிச்சம் நின்ற துளிகளோடு, எண்ணெயை இருபது மில்லிக் கோடுவரை, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி துல்லியமாக நிரப்புவேன். அந்த ஆசிட்டின் பெயர் எனக்குத் தெரியும். அதன் வாய்ப்பாட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதி டீச்சரிடம் நல்ல பேர் வாங்கியிருந்தேன்.

மஞ்சள் துணி கண்ணாடியின் மேல் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்து, நகர்ந்து, மறுபடியும் அடித்தது. தேயிலைத் தூள் அளக்க என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது உண்மை.

"ஆசிட்டு அளக்க" என்றேன்.

துணி நின்றது. அக்கா படியில் குந்தியிருந்த அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, பிள்ளை அதிலதான் எண்ணெய அளக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அப்பா கையிலிருந்த கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியும்."

"ஒண்ணும் தோணல்லியா?"

இந்தக் கேள்விக்கு அக்கா வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு ஆள் வந்து ஏதோ கேட்டார். அவரைக் கையால் நிற்கச் சொன்னார்.

"தோணிச்சு" என்றார் அப்பா. "மொத நாளே தோணிச்சு. ஆசிட்டு கிளாசாச்சே, இதில ஊத்துதாளேன்னு. பின்னே, அவ படிச்ச பிள்ளை. தெரிஞ்சுதானே எடுப்பா. நான் என்னத்தப் போயி கேக்க?"

அப்பாவின் தைத்த கால்சட்டை என் கண்ணுக்கு நேரே இருந்தது. அம்மாவின் தையல், வேறு நிறத்து நூல். எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. அதை நான் மரியாதை என்று எண்ணியிருந்தேன். பதினெட்டு வருஷம் அந்த ஆசிட்டைக் கையாண்ட மனிதர், அது இரும்பையும் தகரத்தையும் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர், நாற்பது முறை கயிறு இழுத்திருக்கிறார், சுற்றுகிற செயினோடு மரத்தின் மேல் நடந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தயங்கி.

"கேட்டிருக்கலாம் அண்ணே" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, யாருக்கு என்று தெரியாமல், "நானும் கேக்கல்ல" என்றார்.

அலமாரியிலிருந்து புதுக் கிட்டும், டாங்குக்குள் கிடக்கும் பில்டரும் எடுத்துத் தந்தார். பழைய பெட்ரோலைக் கொட்டி, டாங்கை நல்ல பெட்ரோலால் இரண்டு முறை அலசச் சொன்னார். அவருடைய கடையில் விற்கிற எண்ணெய்க் குப்பியோடு வரும் மூடியிலேயே அளந்து ஊற்றச் சொன்னார். அப்பா பங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வாங்கிவந்து டாங்கை அலசி நிரப்பி, வெள்ளைப் பொடியைத் தூரிகையால் தேய்த்து எடுத்து, எல்லாவற்றையும் பூட்டி, நடைபாதையில் மெஷினை வைத்துக் காலால் அழுத்திக் கயிற்றை இழுத்தார். நான்காவது இழுப்பில் பிடித்தது. செருப்புக் கடைக்காரர் காதைப் பொத்தினார்.

அப்போதுதான் அக்கா கல்லாவைத் தாண்டி வெளியே வந்தார். அவர் வெளியே வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவை. மெஷின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, செயினை மட்டும் பார்த்தார். அது ஊர்ந்துகொண்டிருந்தது. பைய, பைய என்று கையைக் காட்ட, அப்பா அந்த ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். செயின் தயங்கி, ஒரு பல் நகர்ந்து, நின்றது. மெஷின் அணையவில்லை. சபையில் பாடுகிற ஏதோ ஒரு பாட்டை அக்கா வாய்க்குள் பாடத் தொடங்கினார். மூன்று சரணமும் பாடினார். மெஷின் முனகிக்கொண்டே இருந்தது. செயின் அசையவில்லை. முட்டியில் கை ஊன்றி எழுந்து, "இனி கொண்டு போங்க" என்றார்.

கிறிஸ்மஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது கடைசி மரம் துண்டானது. அந்தத் தோட்டத்தில் அப்பா இன்றும் வெட்டுகிறார்.

ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் அதெல்லாம் தெரியாது. சாக்கை இருவருக்கும் நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கழுவன்திட்டை தாண்டும்வரை அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"மக்களே" என்று பிறகு என்னைக் கூப்பிட்டார். "நான் ஒண்ணு கேக்கட்டா?"

கேளுங்கள் என்றேன்.

ஆசிட் கார்புரேட்டரைத் தின்கிறது, பிளாஸ்டிக் கேனைத் தின்பதில்லையே, அது ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, பால் உறைவதும் இதே தின்கிற வேலைதானா என்று கேட்டார். அது வேறு என்று சொல்லி, எப்படி வேறு என்பதை விளக்க எனக்கு இரண்டு ஸ்டாப் ஆயிற்று. கூர்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். பதினெட்டு வருஷமாக அவருக்குள் கிடந்த கேள்விகள் போலிருக்கிறது, ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"பெட்ரோல்ல வெள்ளம் விழுந்தா அடியில போயி நிக்கும், அது நான் கண்டிருக்கேன். ஆசிட்டு விழுந்தா அடியில நிக்குமா, இல்ல பெட்ரோலோட கலந்து போவுமா?"

யோசித்தேன். புத்தகத்தில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்றைச் சொன்னால் அவர் நம்பிவிடுவார்.

"தெரியாதுப்பா."

வீட்டில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் சொன்னதில்லை. அப்பாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் சாக்கின் வாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"செரி," என்றார், "நாளைக்கு ஒரு குப்பியில ஊத்திப் பாப்போம். ரெண்டு பேருமா."